‘விஸரலி’: வயிறு சொல்லி அனுப்பும் செய்தி

நடு இரவு இரண்டு மணிக்குப் போன் அடிக்கிறது. யார் கூப்பிடுகிறார்கள், எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாது. கை இன்னும் போனைத் தொடக்கூட இல்லை. அதற்குள் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. எடுத்துக் கேட்டால், யாரோ தூக்கக் கலக்கத்தில் நம்பரை மாற்றி அழுத்தியிருக்கிறார். ‘ராங் நம்பருங்க’ என்று சொல்லி வைத்துவிட்டுப் படுக்கிறோம். ஒன்றுமில்லை என்று புத்திக்குத் தெரிந்துவிட்டது. வயிறு மட்டும் அடங்கச் சில நிமிஷம் ஆகிறது.

இப்படி, காரணம் வருமுன்னே உடம்புக்குள் வந்து இறங்கிவிடும் உணர்ச்சியைச் சொல்ல ஆங்கிலத்தில் ஒரு வினையடை இருக்கிறது: ‘விஸரலி’. சினிமா விமர்சனத்திலும் அரசியல் கட்டுரையிலும் இன்று தாராளமாகப் புழங்குகிறது. அகராதியைப் புரட்டினால் ‘ஆழ்ந்த உள்ளுணர்ச்சியோடு’, ‘யோசனை கலக்காத இயல்புணர்ச்சியால்’ என்ற மாதிரி பொருள் கிடைக்கும். பொருள் சரிதான். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு, இந்தச் சொல்லை எங்கே போடலாம், எங்கே போட்டால் ஒட்டாது என்று சொல்ல முடியாது. அதற்குச் சொல்லையும் திறந்து பார்க்க வேண்டும், வயிற்றையும் திறந்து பார்க்க வேண்டும். ஒவ்வொன்றாகச் செய்வோம்.

முதலில் சொல். லத்தீனில் ‘விஸ்கஸ்’ என்றால் உடம்புக்குள் இருக்கும் ஓர் உறுப்பு. அதன் பன்மை ‘விஸரா’. இரைப்பை, குடல், கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம், இதயம், நுரையீரல் எல்லாம் அதில் அடக்கம். நம் ஊரில் அரசு ஆஸ்பத்திரியிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் இது அன்றாடச் சொல். பிரேதப் பரிசோதனையின்போது விஷம் இருக்கிறதா என்று பார்க்க உள்ளுறுப்புகளின் துண்டுகளை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். ‘விஸரா அனுப்பியாச்சு, ரிப்போர்ட் வரணும்’ என்பார்கள். அதே விஸராதான். அதிலிருந்து ‘விஸரல்’ என்ற பெயரடை பிறந்தது. அதற்கு ஒரு வால் சேர்த்தால் ‘விஸரலி’. அச்சு அசலாகச் சொன்னால் ‘உள்ளுறுப்புகளின் வழியாக’. வயிற்றைக் கீறிக் குடலை எடுப்பதைச் சொல்லும் ‘எவிஸரேட்’ இதற்கு உடன்பிறப்பு. எண்ணெயின் பிசுபிசுப்பைச் சொல்லும் ‘விஸ்காசிட்டி’யோ பார்வைக்குத்தான் உறவு. அது, பறவை பிடிக்கப் பூசும் பசைக்கு லத்தீனில் இருந்த பெயரிலிருந்து வந்தது.

இந்தச் சொல்லின் வரலாற்றில் ஒரு விசித்திரம் உண்டு. உறுப்பின் பெயர் முதலில் மருத்துவத்தில் வந்து, பிறகுதான் உணர்ச்சிக்கு ஏறியிருக்கும் என்று நாம் நினைப்போம். நடந்தது தலைகீழ். 1570களில் ‘விஸரல்’ ஆங்கிலத்துக்குள் வரும்போதே ‘உள்ளத்தின் ஆழத்தைத் தொடுகிற’ என்ற பொருளோடுதான் வந்தது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் இரக்கம், பாசம், பரிவு எல்லாம் குடலில் குடியிருப்பதாகவே பேசினார்கள். 1611-இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளைத் திறந்தால் ‘இரக்கத்தின் குடல்கள்’ என்ற மாதிரியான ஆங்கிலத் தொடர்கள் இருக்கும். மூலமான கிரேக்கத்தில் ‘ஸ்பிளாங்க்னா’ என்றால் உள்ளுறுப்புகள். அதிலிருந்து வந்த வினைச்சொல்லுக்கு இரக்கத்தால் குடல் நெகிழ்வது என்று பொருள். சுவிசேஷங்களில் கூட்டத்தைப் பார்த்து இயேசு பரிவு கொள்ளும் இடத்தில் வருவது அந்த வினைதான். தமிழ் வேதாகமம் அதை ‘மனதுருகி’ என்று எழுதிற்று. பின்னால் வந்த ஆங்கில மொழிபெயர்ப்புகளும் குடலை விட்டுவிட்டு இதயத்துக்கு மாறிவிட்டன.

1640-க்குப் பிறகு ‘விஸரல்’ என்ற சொல்லின் உணர்ச்சிப் பொருளும் வழக்கொழிந்தது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது மறுபடி தலைகாட்டியபோது மருத்துவர் கையில் இருந்தது. உள்ளுறுப்பு சம்பந்தப்பட்டது என்ற உடற்கூற்றுப் பொருள் மட்டும்தான். பிறகு 1940களில் கலை விமர்சகர்கள் அதைத் திரும்ப எடுத்தார்கள். ஓர் ஓவியமோ நாடகமோ புத்தியைத் தொடுமுன் உடம்பைத் தொடுகிறது என்று சொல்ல அவர்களுக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. ஆக, ஏறக்குறைய முன்னூறு வருஷம் காணாமல் போயிருந்த பொருள் திரும்ப வந்தது. இன்று நாம் வாசிக்கும் ‘விஸரலி’ அந்த மறுபிறவி.

பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம். ‘இன்ஸ்டிங்டிவ்லி’ என்பது லத்தீனில் குத்தித் தூண்டுவதைக் குறிக்கும் வேரிலிருந்து வருகிறது. யாரும் கற்றுத்தராமல் பிறவியிலேயே வரும் தூண்டுதல் அது. முட்டையிலிருந்து வெளிவந்த ஆமைக்குஞ்சு கடலை நோக்கி நகர்வது அப்படி. ஷேக்ஸ்பியரின் ‘டெம்பஸ்ட்’ நாடகத்தில், உளுத்துப்போன படகைவிட்டு எலிகள்கூட ஓடிவிட்டன என்று பிராஸ்பெரோ மகளிடம் சொல்லும் இடத்தில் இந்த வினையடையைக் காணலாம். ‘இன்டியூட்டிவ்லி’ பார்வையோடு சம்பந்தப்பட்டது. படிப்படியாக யோசிக்காமல் ஒரே பார்வையில் பிடிபடுவது. பைக் வரும் சத்தத்தைக் கேட்டதுமே கோளாறு எங்கே என்று பழைய மெக்கானிக் சொல்கிறாரே, அது. இரண்டிலும் வயிறு கலங்க வேண்டிய அவசியம் இல்லை. ‘விஸரலி’யில் கலங்க வேண்டும். உடம்பு சாட்சியாக வந்து நின்றால்தான் அந்தச் சொல் செல்லும்.

இனி உள்ளே போவோம். உடம்புக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள ஒரு கல்யாண மண்டபத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் கூடம். பின்னால் சமையல்கட்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு நீண்ட நடை. கூடத்தில் பொறுப்பாக நின்று எல்லாரையும் வரவேற்று, யோசித்து முடிவெடுக்கிறவர் பெண்ணின் தாய்மாமன். அவர்தான் ‘நான்’ என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் புத்தி. சமையல்கட்டு என்பது இரைப்பையும் குடலும். வாசலில் ஒரு வாட்ச்மேன் இருக்கிறார். நடையில் ஓடிக்கொண்டே இருக்கும் பையன்கள் இருக்கிறார்கள். இவ்வளவுதான் ஆட்கள். இப்போது போன் அடிக்கட்டும்.

முதலில் முழித்துக்கொள்பவர் வாட்ச்மேன். மூளையின் அடியில், பொட்டுப் பக்கமாக உள்ளே, இரண்டு புறமும் ‘அமிக்டலா’ என்ற சிறு பகுதி இருக்கிறது. பாதாம் பருப்பின் வடிவம். கிரேக்கத்தில் பெயருக்கும் அதுதான் பொருள். ஆபத்தா இல்லையா என்று உரசிப் பார்ப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. வந்திருப்பது யார், எந்த ஊர் என்றெல்லாம் வாட்ச்மேன் விசாரிப்பதில்லை. அகால வேளையில் கேட் ஆடுகிறது, அவ்வளவுதான், விசில் ஊதிவிடுகிறார். தாய்மாமன் திரும்பிப் பார்ப்பதற்குள் விசில் சத்தம் மண்டபம் முழுக்கப் போய்விடுகிறது.

பிறகு, அந்த விசிலுக்கென்று ஏற்கெனவே எழுதி வைத்த ஓர் உத்தரவு நடைமுறைக்கு வருகிறது: அடுப்பைக் குறை, கரண்டியைப் போடு, ஆட்கள் எல்லாம் வாசலுக்கு வா. உடம்பில் இந்த வேலையைப் பரிவு நரம்பு மண்டலம் செய்கிறது. இரைப்பைக்கும் குடலுக்கும் போய்க்கொண்டிருந்த ரத்தத்தில் ஒரு பகுதி கை கால் தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. இரைப்பையின் அசைவு மந்தமாகிறது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகம் பிடிக்கிறது. வயிற்றில் ‘ஜிவ்’வென்று ஏதோ இறங்கினாற்போல நாம் உணர்வது இந்த மாற்றங்கள் சேர்ந்துதான்.

நரம்பு வழியாகப் போன உத்தரவை நரம்பு வழியாகவே உடனே நிறுத்திவிடலாம். ரத்தத்தில் கலந்த அட்ரினலினை அப்படித் திரும்பக் கூப்பிட முடியாது. அது கரைந்து தீரச் சில நிமிஷம் எடுக்கும். அதனால்தான் ராங் நம்பர் என்று தெரிந்த பிறகும் வயிறு அடங்குவதில்லை. ஆட்கள் வாசலுக்கு ஓடிவந்துவிட்டார்கள். ‘ஒன்றுமில்லை, போங்கள்’ என்று சொன்னாலும் அவர்கள் நடந்து திரும்பிப் போய் அடுப்பைத் தூண்டக் கொஞ்சம் நேரம் வேண்டாமா?

மிரட்சியில் இரைப்பை இப்படி அடங்கிப்போவதை முதன்முதலில் கண்ணால் பார்த்தவர்களில் ஒருவர் வால்டர் கேனன். 1890களின் கடைசியில், எக்ஸ்-ரே கண்டுபிடித்து ஒன்றிரண்டு வருஷமே ஆகியிருந்த நேரத்தில், ஹார்வர்டில் மருத்துவ மாணவராக இருந்தார். பூனைக்குப் பிஸ்மத் உப்புக் கலந்த தீனி கொடுத்து, எக்ஸ்-ரேயில் அதன் இரைப்பை அலையலையாக அசைவதைக் கவனித்தார். பூனை மிரண்டாலோ கோபப்பட்டாலோ அந்த அலைகள் நின்றுபோயின. சமாதானப்படுத்தினால் மறுபடி தொடங்கின. இதைப் பிடித்துக்கொண்டு போன ஆராய்ச்சியின் முடிவுகளைத்தான் வலி, பசி, பயம், கோபம் இவற்றின்போது உடம்பில் நேரும் மாற்றங்கள் பற்றி 1915-இல் ஒரு புத்தகமாக எழுதினார்.

ஆனால் கேனனுக்கும் முன்னால், எக்ஸ்-ரே ஏதும் இல்லாமல், மனித வயிற்றுக்குள் நேராக எட்டிப் பார்த்த ஒருவர் உண்டு. 1822 ஜூன் 6. அமெரிக்காவின் ஹூரான் ஏரியில் மாக்கினா என்ற தீவு. தோல் வியாபாரக் கடையில் ஒரு துப்பாக்கி தற்செயலாக வெடித்து, அலெக்சிஸ் சென் மார்ட்டன் என்ற கனடாக்காரப் படகாளியின் இடது விலாவுக்குக் கீழே பாய்ந்தது. ராணுவ மருத்துவர் வில்லியம் பியூமான்ட் ஓடி வந்து பார்த்தார். பிழைக்க மாட்டான் என்றே நினைத்தார். பிழைத்தான். காயம் ஆறியது, ஆனால் ஓட்டை மூடவில்லை. இரைப்பையின் விளிம்பு தோலோடு ஒட்டி வளர்ந்து, வெளியிலிருந்து உள்ளே பார்க்கக்கூடிய ஒரு ஜன்னலாக நின்றுவிட்டது.

பியூமான்ட் பட்டு நூலில் உணவுத் துண்டுகளைக் கட்டி அந்த ஜன்னல் வழியாக இறக்கினார். 1825 ஆகஸ்ட் 1 அன்று அப்படி இறக்கியவற்றில் உப்பிட்ட மாட்டிறைச்சி, பன்றிக் கொழுப்பு, காய்ந்த ரொட்டி, பச்சை முட்டைக்கோஸ் எல்லாம் இருந்தன. ஒவ்வொரு மணி நேரமும் நூலை இழுத்து, எது எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்த்தார். சென் மார்ட்டனுக்கு இந்த வாழ்க்கை பிடித்திருக்க நியாயமே இல்லை. எரிச்சலும் கோபமும் அடிக்கடி வந்தன. அவர் கோபமாக இருக்கும்போது செரிமானம் தாமதப்படுவதையும் பித்தநீர் இரைப்பைக்குள் ஏறி வருவதையும் பியூமான்ட் குறித்து வைத்தார். இதையெல்லாம் சேர்த்து 1833-இல் புத்தகமாகப் போட்டார். இரைப்பைச் சாறு எப்படி வேலை செய்கிறது என்று உலகம் கற்றுக்கொண்டதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

பியூமான்ட்டின் நுணுக்கமான குறிப்புகளை மதிக்கிறேன். ஆனாலும் அந்த மனிதரின் கோபத்தை ஒரு பரிசோதனைத் தகவலாக மட்டும் படிக்க மனம் வருவதில்லை. மருத்துவர் 1853-இல் இறந்தார். வயிற்றில் ஓட்டையோடு இருந்தவர் 1880 வரை வாழ்ந்தார். அவர் இறந்தபோது, மருத்துவர்கள் உடலைக் கேட்டு வந்துவிடக் கூடாது என்று குடும்பத்தார் உடல் கெடும்வரை வைத்திருந்து, பிறகு ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார்கள். கோபத்துக்கும் வயிற்றுக்கும் உள்ள தொடர்பு இப்படி ஒருவருடைய உடம்பைத் திறந்து வைத்துக் கற்றுக்கொண்டது. ‘விஸரலி’ என்ற சொல்லைச் சும்மா அள்ளித் தெளிக்க எனக்கு மனமில்லாததற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது சமையல்கட்டுக்குள் போவோம். கல்யாணச் சமையலில் தாய்மாமன் வந்து ‘இப்போது வெங்காயத்தைக் கிளறு’ என்று சொல்லிக்கொண்டிருப்பதில்லை. மாஸ்டர் இருக்கிறார், அவருடைய ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் பாட்டுக்கு வேலை ஓடுகிறது. குடலும் அப்படித்தான். 1899-இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர், நாயின் குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளைத் துண்டித்துவிட்டுப் பார்த்தார்கள். குடல் அப்போதும் உணவைத் தள்ளியது: உருண்டைக்குப் பின்னால் சுருங்கி, முன்னால் தளர்ந்து. மூளையிலிருந்து யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. குடல் சுவரின் அடுக்குகளுக்கு நடுவே கோடிக்கணக்கான நரம்பு செல்கள் இரண்டு வலைகளாகப் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று தசை அடுக்குகளின் நடுவில். தள்ளும் வேலை பெரும்பாலும் அதனுடையது. இன்னொன்று உட்சவ்வுக்குக் கீழே. சுரப்பையும் உறிஞ்சுதலையும் கவனிக்கிறது. ஜான் லாங்லி 1921-இல் இதைத் தனியொரு நரம்பு மண்டலமாகக் கணக்கில் எடுத்துப் பெயரிட்டார். 1998-இல் மைக்கேல் கெர்ஷன் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு இதை ‘இரண்டாவது மூளை’ என்று சொல்வது பிரபலமாகிவிட்டது.

அந்தப் பட்டத்தைக் கேட்டுவிட்டுச் சிலர் வயிறு சிந்திக்கிறது என்று கிளம்பிவிடுகிறார்கள். உடம்பின் செரடோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில் இருக்கிறது, அதனால் சந்தோஷமே குடலில்தான் இருக்கிறது என்பார்கள். குடலில் இருப்பது உண்மை. ஆனால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. குடலின் செரடோனின் முக்கியமாகக் குடல் வேலைக்குத்தான். சமையல்கட்டு பருப்பு வேகவைக்கும்; பத்திரிகை யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்காது.

அடுத்து, நடையில் ஓடும் பையன்கள். மூளையின் அடித்தண்டில் புறப்பட்டு, கழுத்து வழியாக இறங்கி, நெஞ்சைத் தொட்டு வயிறுவரை போகும் ஒரு நீண்ட நரம்பு இருக்கிறது. தலையிலிருந்து கிளம்பும் நரம்புகளில் பத்தாவது. ‘வேகஸ்’ என்று பெயர். லத்தீனில் அலைந்து திரிவது என்று பொருள். மேலேயிருந்து உத்தரவு கொண்டுபோவதுதான் இதன் வேலை என்று தோன்றும். ஆனால் அதன் இழைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் கீழேயிருந்து மேலே செய்தி கொண்டுவருபவை. பத்துப் பையன்களில் எட்டுப் பேர் சமையல்கட்டிலிருந்து கூடத்துக்கு ஓடுகிறார்கள்; இரண்டு பேர்தான் எதிர்த்திசை. அண்டா நிறைந்திருக்கிறதா, அடுப்பு அணைந்ததா, எங்கே கருகுகிறது என்று ஓயாமல் சேதி போகிறது. விசில் சத்தத்தில் சமையல்கட்டு நின்றதும் அந்தச் சேதியும் கிளம்பிவிடுகிறது.

சேதி முதலில் மூளைத்தண்டில் ஒரு மையத்தில் வந்து சேர்கிறது. பிறகு படியேறி ‘இன்சுலா’ என்ற பகுதிக்குப் போகிறது. மூளையின் பக்கவாட்டுப் பிளவுக்குள், மடிப்புகளை விலக்கினால்தான் தெரியும்படி ஒளிந்திருக்கும் இடம் அது. வயிறு, இதயம், மூச்சு எல்லாவற்றின் நிலையும் இங்கே வந்து ஓர் உணர்வாகத் திரள்கிறது. இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது: நாக்கிலிருந்து வரும் ருசியும் வந்து சேர்வது இதே வட்டாரத்தில்தான். சமையல்கட்டிலிருந்து வரும் கரண்டியை நக்கிப் பார்க்கிறவரும், ‘உள்ளே ஏதோ சரியில்லை’ என்று மூக்கை நிமிர்த்துகிறவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2004-இல் ஹ்யூகோ கிரிட்ச்லியும் சகாக்களும், கையால் நாடி பிடிக்காமல் தங்கள் இதயத் துடிப்பைத் தாங்களே உணரச் சொல்லி ஆட்களின் மூளையைப் படம் பிடித்தார்கள். துடிப்பைத் துல்லியமாக உணர்ந்தவர்களுக்கு வலது இன்சுலாவின் முன்பகுதி அதிகமாக வேலை செய்தது.

கடைசியில்தான் தாய்மாமனுக்கு விஷயம் வருகிறது. அவருக்கு வருவதும் காரணம் அல்ல, வெறும் நெடி. பின்னாலிருந்து காரமாக ஒரு நெடி அடிக்கிறது. தாளிப்பா, கருகலா என்று அவர்தான் ஊகித்துப் பெயர் வைக்க வேண்டும். 1884-இல் உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ், உடம்பின் மாற்றத்தை நாம் உணர்வதுதான் உணர்ச்சி என்று எழுதினார்: பயந்ததால் நடுங்கவில்லை, நடுங்குவதை உணர்வதே பயம் என்று. அதே கேனன் 1927-இல் இதை மறுத்தார். உள்ளுறுப்புகள் மந்தமானவை, மாறவே சில நொடிகள் எடுக்கும். தவிர பயத்திலும் கோபத்திலும் வயிற்றில் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான், அப்புறம் எப்படி அதை வைத்து உணர்ச்சியைப் பிரித்தறிய முடியும் என்று கேட்டார்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் போன் அடித்த இரவு எனக்குப் புரிகிறது. ‘வயிறுதான் முதலில் அறிகிறது’ என்பது பாதிதான் உண்மை. முதல் விசில் தலைக்குள்ளேதான் ஊதப்பட்டது; ஆனால் நமக்குத் தெரியாமல் ஊதப்பட்டது. பிறகு வயிறு மாறியது. அந்த மாற்றம் நடை வழியாக மேலே வந்தபோதுதான் நமக்குத் தெரிய ஆரம்பித்தது. காரணம் அதற்கும் பின்னால் வந்தது. எனவே நம்முடைய அனுபவத்தில் வயிறு முந்திக்கொள்கிறது. ‘விஸரலி’ பிடித்து வைத்திருப்பது அந்த இடைவெளியை.

இடைவெளியில் தப்பான பெயரும் விழலாம். கனடாவில் வான்கூவருக்குப் பக்கத்தில் கபிலானோ ஆற்றின் மேலே, பள்ளத்தாக்கைக் கடக்க ஆடும் தொங்குபாலம் ஒன்று இருக்கிறது. கீழே பார்த்தால் சுமார் 70 மீட்டர். 1974-இல் டட்டன், ஆரன் இருவரும் வெளியிட்ட ஆய்வில், பாலத்தைக் கடந்த ஆண்களிடம் ஓர் இளம்பெண் சில கேள்விகள் கேட்டு, விளக்கம் வேண்டுமானால் கூப்பிடுங்கள் என்று போன் நம்பர் தந்தார். ஆடாத, தாழ்வான இன்னொரு பாலத்திலும் அப்படியே செய்தார். தொங்குபாலத்தில் நம்பர் வாங்கிய 18 பேரில் 9 பேர் கூப்பிட்டார்கள். சாதாரணப் பாலத்தில் 16 பேரில் 2 பேர். உயரம் தந்த படபடப்பை அந்தப் பெண் தந்த படபடப்பாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ஆட்கள் மிகக் குறைவு என்பதால் இதை ஒரே ஆதாரமாகப் பிடித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நெடியை வைத்துப் பதார்த்தத்தைத் தப்பாகச் சொல்ல முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

சரியாகச் சொல்லும் சமயங்களும் உண்டு. அனுபவப்பட்ட தாய்மாமன் நெடி வந்த மாத்திரத்தில் ‘கேசரி அடிப்பிடிக்கிறது, ஓடு’ என்பார். அயோவா பல்கலைக்கழகத்தில் பெச்சாரா, தமாசியோ குழுவினர் நடத்திய சீட்டாட்டப் பரிசோதனை இதைப் பார்த்தது. நான்கு சீட்டுக்கட்டுகள். இரண்டில் லாபம் பெரிது, ஆனால் அவ்வப்போது விழும் நஷ்டம் அதைவிடப் பெரிது. எடுத்துக்கொண்டே போனால் போண்டிதான். மற்ற இரண்டில் லாபம் சிறிது, நஷ்டமும் சிறிது. கடைசியில் கையில் ஏதோ மிஞ்சும். இது ஆடுபவர்களுக்குத் தெரியாது. கையில் வியர்வை சுரப்பதை அளக்கும் கருவி பொருத்தியிருந்தார்கள். 1997-இல் வெளியான முடிவின்படி, பத்துச் சீட்டு எடுத்த அளவிலேயே கெட்ட கட்டின் பக்கம் கை போகும்போது உள்ளங்கை வியர்க்கத் தொடங்கியது. ‘இந்தக் கட்டு சரியில்லையோ’ என்ற சந்தேகத்தை அவர்கள் வாய்விட்டுச் சொன்னது சுமார் ஐம்பதாவது சீட்டில். ஏன் என்று விளக்க முடிந்தது எண்பதாவது சீட்டு வாக்கில். நெற்றிக்குப் பின்னால் மூளையின் கீழ்ப்பகுதியில் சேதம் ஏற்பட்டவர்களுக்கோ கெட்ட கட்டைத் தொடுமுன் உள்ளங்கை வியர்க்கவே இல்லை. எது கெட்ட கட்டு என்று சொல்லத் தெரிந்த பிறகும் சிலர் அதையே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்கும் மறுப்பு வந்தது. 2004-இல் மையா, மெக்லெலண்ட் இருவரும், ஆடுபவர்களிடம் இன்னும் நுணுக்கமாகக் கேட்டால் அவர்களுக்கு வெகு முன்னதாகவே விஷயம் தெரிந்திருக்கிறது என்று காட்டினார்கள். ஆகவே உடம்பு புத்தியைவிட எவ்வளவு முந்துகிறது என்பதில் வாக்குவாதம் இருக்கிறது. உடம்பின் சேதி முடிவெடுப்பதில் கலக்கிறது என்பதை அந்த மறுப்பு அடித்துவிடவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: உள்ளங்கை வியர்க்க முதலில் சில தோல்விகள் தேவைப்பட்டன. பத்துச் சீட்டு எடுத்துச் சூடுபட்ட பிறகுதான் வியர்வை. ‘விஸரலாகத் தோன்றியது’ என்று நாம் சொல்லும் பலதும் பிறவியில் வந்ததல்ல. எப்போதோ பட்டு, மறந்துபோய், உடம்பில் மட்டும் தங்கியது.

இனி வாக்கியத்துக்கு வரலாம். ‘அந்தப் படத்தின் ரயில் விபத்துக் காட்சி விஸரலி பாதித்தது’ என்றால் சரி. பார்த்தவருக்கு இருக்கையில் உடம்பு சுருங்கியிருக்கும். ‘ரத்தத்தைப் பார்த்தால் அவருக்கு விஸரலி ஆகாது’ என்பதும் சரி. ‘அந்த வரித்திட்டத்தை விஸரலி எதிர்க்கிறேன்’ என்று ஒருவர் எழுதினால், கணக்குப் போட்டு எதிர்க்கவில்லை, கேட்டதுமே உடம்பு கொதிக்கிறது என்று ஒப்புக்கொள்கிறார். அதுவும் நேர்மையான பிரயோகம். ஆனால் ‘விஸரலி அழகான சேலை’ என்று விளம்பரத்தில் வரும்போது சொல் ‘ரொம்ப’வாகச் சுருங்கிவிடுகிறது.

தமிழில் எழுதுகிறவர்கள் இதற்குப் பெரும்பாலும் ‘உள்ளுணர்வுபூர்வமாக’ என்று போடுகிறார்கள். அது ‘இன்டியூட்டிவ்லி’க்குத்தான் பொருந்தும், அதில் வயிறு இல்லை. நம் பேச்சில் வயிறு ஏராளமாக இருக்கிறது. பயமென்றால் அடிவயிறு கலங்கியது அல்லது ஈரக்குலை நடுங்கியது. ஆற்றாமையென்றால் வயிறு எரிந்தது. பிள்ளைக்கு ஒன்று என்றால் பெற்ற வயிறு பற்றிக்கொண்டது. நல்ல சேதி வந்தால் வயிற்றில் பால் வார்த்தது. ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்குவதை நாம் உணர்ச்சிக்கு ஏற்றபடி பிரித்து வைத்திருக்கிறோம். அதனால் ‘விஸரலி’ வரும் வாக்கியத்தை மொழிபெயர்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது, அந்த ஆளுக்கு வந்தது பயமா, எரிச்சலா, அருவருப்பா, ஆறுதலா என்பது. அது தெரிந்தால் ரயில் விபத்துக் காட்சிக்கு ‘அடிவயிற்றைக் கலக்கியது’ என்றும், வரித்திட்டத்துக்கு ‘கேட்டதுமே வயிறு எரிகிறது’ என்றும், ரத்தத்தைப் பார்க்க ஆகாதவருக்கு ‘பார்த்தாலே குடலைப் புரட்டும்’ என்றும் எழுதிவிடலாம்.